வெள்ளிப் பதக்கமும் ஏழையின் வரியும்

பதக்கம் என்பது ஓர் இராஜாங்கம் தன் போர்வீரனுக்கு எழுதிக் கொடுக்கும் ரசீது. நீ இன்ன யுத்தத்தில் இன்ன படையில் நின்றாய், உன் கடமையைச் செய்தாய், அதற்கு நாங்கள் சாட்சி என்பதே அதன் பொருள். அந்த ரசீதை நாம் அவமதிக்க வேண்டுவதில்லை. ஆயினும் எந்த ரசீதையும் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகிகளின் வழக்கம். வேலை எவருக்காகச் செய்யப்பட்டது, கூலியை எவர் கொடுத்தார், இலாபம் எவர் கைக்குப் போயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால்தான் ரசீதின் உண்மை விளங்கும்.

மகாராணி விக்டோரியாவின் அறுபத்து மூன்று ஆண்டு ஆட்சியில், பூமியின் ஏதேனும் ஒரு மூலையில் பிரிட்டிஷ் துருப்புகள் போர் புரியாத வருஷங்கள் மிகச் சிலவே. அந்த யுத்தங்கள் பலவற்றிற்குப் பதக்கங்கள் வார்க்கப்பட்டன. அவற்றுள் பலவற்றை மார்பில் அணிந்தவர்கள் இந்தியச் சிப்பாய்கள். 1860ல் சீனம், 1868ல் அபிசீனியா, 1878 முதல் 1880 வரை ஆப்கானிஸ்தானம், 1882ல் எகிப்து என்று அவர்கள் சென்ற தேசங்களின் பட்டியல் நீண்டது. அந்தப் பதக்கங்கள் இன்று காட்சிச்சாலைகளிலும், ஏலக்கடைகளிலும், பழைய பட்டாளக் குடும்பங்களின் பெட்டிகளிலும் கிடக்கின்றன. சுதந்தர தேசத்தின் பிரஜைகளாகிய நாம் அவற்றை எந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்? பெருமையோடா, வெட்கத்தோடா? இதற்கு ஒரே வார்த்தையில் விடை கூறுவது எளிதன்று. அவற்றுள் ஒன்றை எடுத்து, அதன் கணக்கை முழுவதும் வாசித்துப் பார்ப்போம்.

பதக்கத்தின் இரு முகங்கள்

நாம் எடுத்துக்கொள்வது அபிசீனியப் பதக்கம். 1869ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் தேதி ஏற்படுத்தப்பட்டது. ஒண்ணேகால் அங்குல அகலமுள்ள வெள்ளி வட்டம். முன்புறத்தில், முக்காடும் முடியும் தரித்த விக்டோரியாவின் சிறிய உருவம். அதைச் சூழ்ந்து ஒன்பது முனைகளுள்ள நட்சத்திரம். முனைகளின் இடைவெளிகளில் 'அபிசீனியா' என்னும் பெயரின் ஒன்பது ஆங்கில எழுத்துக்களும் ஒவ்வொன்றாக அமைந்திருக்கின்றன. மேலே வெள்ளியாலான ஒரு கிரீடமும் வளையமும்; வெண்மை நடுவே அகன்ற சிவப்புக் கோடு ஓடும் நாடா.

பின்புறமே விசேஷமானது. சாதாரணமாகப் பதக்கத்தின் விளிம்பில்தான் வீரனுடைய பெயரைப் பொறிப்பார்கள். இதிலோ, இலைமாலையின் நடுவே பெயரும் படைப்பிரிவும் உலோகத்திலேயே எழும்பி நிற்கும்படி, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே அச்சு அமைத்து வார்த்தார்கள். அதனால் செலவு மிகுந்தது. சற்றேறக்குறைய 14,000 பதக்கங்கள் வழங்கப்பட்டன. தரைப்படைக்கு 12,000, கப்பற்படைக்கு 2,000.

ஒரு பக்கம் அரசியின் முகம், மறுபக்கம் எளிய வீரனின் பெயர். பார்ப்பதற்கு எவ்வளவு நியாயமான ஏற்பாடாகத் தோன்றுகிறது! ஆனால் யுத்தத்திற்குச் சென்றவர் தொகையை இந்த 14,000 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். போர்வீரர் மட்டும் சுமார் 13,000 பேர். அவர்களுள் ஐரோப்பியர் ஏறக்குறைய 4,000. மற்ற 9,000 பேரும் இந்தியர். அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் சுமப்போர், டோலி தூக்குவோர், புல்லறுப்போர், சமையற்காரர், யானைப்பாகர், கோவேறு கழுதை ஓட்டுவோர் என்று பட்டாளப் பரிவாரமாகச் சென்றவர் சுமார் 26,000 பேர். பதக்கங்களின் மொத்தத் தொகையே இந்தப் பரிவாரத்தின் பாதியைச் சற்றுத் தாண்டும் அளவுதான். படைக்கு முதுகெலும்பாக இருந்த இவர்களுடைய பெயர்களைத் தாங்க வெள்ளி கிடைக்கவில்லை.

யுத்தம் மூண்ட விதம்

இன்று எத்தியோப்பியா என்று வழங்கும் தேசத்தையே அக்காலத்தில் அபிசீனியா என்றனர். 1855ல் அங்கு முடி சூடியவர் தெவோத்ரோஸ். ஆங்கிலேயர் அவரைத் தியோடர் என்றழைத்தனர். சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கி, நவீன ஆயுதங்களும் கைத்தொழிலும் தம் நாட்டில் பரவச் செய்ய வேண்டும் என்பது அவர் நோக்கம். கிறிஸ்தவ அரசராகிய அவர், மற்றொரு கிறிஸ்தவ அரசியின் நட்பை நாடி, 1862ல் விக்டோரியாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். லண்டன் வெளிநாட்டு இலாகா அக்கடிதத்திற்குப் பதில் அனுப்பவில்லை.

மாதங்கள் கழிந்து வருஷமும் கடந்தது. அவமதிப்புப் பொறாத தெவோத்ரோஸ், 1864ம் வருஷத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கான்ஸல் காமரன் துரையை விலங்கிட்டார். பாதிரிமார் சிலரும் கூடச் சிறைப்பட்டனர். பிறகு சமாதானம் பேச அனுப்பப்பட்ட ஹோர்முஸ்த் ரஸாம் என்பவரும் கைதியானார். ஒரு கடிதத்திற்கு உரிய காலத்தில் நாலு வரி பதில் எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விவகாரம், படையெடுப்பில் வந்து முடிந்தது.

தெவோத்ரோஸ் சாது என்று நாம் கூறவில்லை. கடைசி ஆண்டுகளில் அவர் தம் பிரஜைகளுக்கே பயங்கரமானவராக இருந்தார். தோல்வி நெருங்கியபோது தம் சொந்த நாட்டுக் கைதிகள் நூற்றுக்கணக்கானவரைச் செங்குத்தான பாறையிலிருந்து தள்ளிக் கொன்றார். ஆனால் அந்தக் குற்றத்தை விசாரிப்பதற்காக இப்படையெடுப்பு நடைபெறவில்லை. சில டஜன் ஐரோப்பியரை மீட்பதற்காகவும், பிரிட்டிஷ் கௌரவத்தை நிலைநாட்டுவதற்காகவுமே நடைபெற்றது. இந்த விவகாரத்தில் இந்தியாவின் பங்கு யாது? கடிதம் இந்தியாவுக்கு எழுதப்பட்டதன்று. பதில் எழுதத் தவறியவர்களும் இந்தியர் அல்லர். இந்திய எல்லையை எவரும் தாக்கவுமில்லை. ஆயினும் யுத்தம் என்று தீர்மானித்தவுடன் லண்டன் மந்திரிகள் இந்தியாவின் பக்கமே திரும்பினார்கள். செங்கடலுக்கு அருகே பம்பாய் இருந்தது. அங்கே மாதம் ஏழு ரூபாய்ச் சம்பளத்திற்குச் சிப்பாய் கிடைத்தான்.

சிப்பாயின் உழைப்பு

சேனாதிபதியாக நியமிக்கப்பட்டவர் பம்பாய்ப் படைத் தலைவர் ஸர் ராபர்ட் நேப்பியர். 1867ம் வருஷ இறுதியில் முன்னணிப் படை ஜூலா என்னும் துறையில் இறங்கியது. அது இன்றைய எரித்ரியாவின் கடற்கரை. அங்கே நிழலுமில்லை, குடிநீருமில்லை. கப்பல்களில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தார்கள். கரையில் இறக்கப்பட்ட கோவேறு கழுதைகள் தாகத்தால் கூட்டம் கூட்டமாக மாண்டன. படையோடு சென்ற விலங்குகள் மொத்தம் 40,000க்கு மேல். அவற்றுள் இந்தியாவிலிருந்து கப்பலேறிய யானைகள் 44. பெரிய பீரங்கிகளைச் சுமப்பதற்கே இந்த யானைகள் கொண்டு செல்லப்பட்டன.

ஜூலாவிலிருந்து மக்தலா மலைக்கோட்டை ஏறக்குறைய 400 மைல். கரையிலிருந்து மலையடிவாரம் வரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தண்டவாளங்களைக் கொண்டு ரயில்பாதை அமைத்தார்கள். அதற்கு மேல், வண்டி ஏறாத கணவாய்களில் பாறையை உடைத்து, யானையும் பீரங்கியும் செல்லத்தக்க பாதை வெட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களுள் நம்மவர் இருந்தனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தின் கம்பெனிகள் இப்படையில் சேர்ந்து சென்றன. பட்டாளத்தாரிடையே 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்பெற்ற இவர்கள், பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், கிணறு தோண்டுதல் முதலிய வேலைகளில் தேர்ந்தவர்கள். அவர்களுடைய பட்டாளக் கௌரவப் பட்டியலில் 'அபிசீனியா' என்னும் பெயர் இன்றும் இருக்கிறது.

1868 ஏப்ரல் 10ம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, ஆரோகி மேட்டில் சண்டை நடந்தது. ஆங்கிலச் சோல்ஜர்களின் கையில் பின்புறம் மருந்து நிரப்பும் புதிய ஸ்னைடர் துப்பாக்கி இருந்தது. இந்தியச் சிப்பாய்களின் கையில் இருந்தது குழல்வாயில் மருந்திடும் பழைய துப்பாக்கி. 1857ம் வருஷக் கிளர்ச்சிக்குப் பிறகு, சிப்பாயின் ஆயுதம் வெள்ளைக்காரன் ஆயுதத்துக்கு ஒரு படி தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது துரைத்தனத்தாரின் ஜாக்கிரதை. அந்தப் பழைய ஆயுதத்தோடும் துப்பாக்கி ஈட்டியோடும் பஞ்சாப் பயனியர் படையினர் எதிரிகளை நேருக்கு நேர் நின்று தடுத்தனர். அபிசீனியர் சுமார் 700 பேர் அன்று மாண்டனர். காயமுற்றோர் அதனினும் அதிகம். நேப்பியரின் பக்கத்தில் காயமுற்றவர் சுமார் 20 பேர்; இறந்தவர் இருவர். இத்தகைய கணக்குள்ள சண்டையைச் சமர் என்று சொல்ல நாக்கூசும்.

அடுத்த இரண்டு நாட்களில் ஐரோப்பியக் கைதிகளைத் தெவோத்ரோஸ் விடுதலை செய்து அனுப்பிவிட்டார். படையெடுப்பின் நோக்கமாகச் சொல்லப்பட்ட காரியம் அத்துடன் முடிந்தது. சமாதானத்தின் அடையாளமாக அவர் மாடுகளையும் அனுப்பினார். அவை திருப்பி அனுப்பப்பட்டன. 13ம் தேதி கோட்டையைத் தாக்கினார்கள். வாசலை நோக்கி ஏறிய படையின் முன்னணியில் மதராஸ் சாப்பர்களின் ஒரு கம்பெனியும் இருந்தது. கோட்டை விழும் தறுவாயில் தெவோத்ரோஸ் கைத்துப்பாக்கியால் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மடிந்தார். அந்தக் கைத்துப்பாக்கி முன்னொரு காலத்தில் விக்டோரியா அரசி அவருக்கு அன்பளிப்பாக அனுப்பியது.

அன்றைய தாக்குதலுக்காக ஆங்கிலப் படைப்பிரிவைச் சேர்ந்த இருவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. இந்தியச் சிப்பாய் எத்தகைய வீரம் காட்டினும் அந்த விருதுக்கு அன்று உரியவன் அல்லன். 1911ம் வருஷம் வரையில் அக்கதவு அவனுக்கு மூடியே இருந்தது. நேப்பியர் துரை 'மக்தலா பிரபு' ஆனார். அவருக்கு வருஷம் 2,000 பவுன் உபகாரச் சம்பளமும் ஏற்பட்டது. அக்கால மாற்று விகிதப்படி அது சுமார் 20,000 ரூபாய். அதாவது ஏறக்குறைய 240 சிப்பாய்களின் ஒரு வருஷச் சம்பளம்.

செலவுக் கணக்கு

இனி, பதக்கம் கூறாத பெருங்கணக்கிற்கு வருவோம். 20 லட்சம் பவுன் போதும் என்று மந்திரிகள் பார்லிமெண்டில் கூறித் தொடங்கிய யுத்தம், முடிவில் 90 லட்சம் பவுன் வரையில் விழுங்கியது. இதில் பெரும்பகுதியை இங்கிலாந்தே ஏற்றது என்பது உண்மை. அதை மறைப்பது நமக்கு அழகன்று. ஆனால் இந்தியாவிலிருந்து சென்ற துருப்புகளின் சாதாரணச் சம்பளத்தை, அவர்கள் ஆப்பிரிக்க மலைகளில் வேலை செய்த காலத்திற்கும், இந்தியக் கஜானாவே கொடுக்க வேண்டும் என்று 1867 நவம்பரில் பார்லிமெண்டு தீர்மானித்தது.

இதற்குச் சொல்லப்பட்ட நியாயத்தைக் கவனியுங்கள். இத்துருப்புகள் இந்தியாவிலேயே இருந்திருந்தாலும் இந்தியா அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துத்தானே தீரவேண்டும். ஆகையால் இந்தியாவுக்கு ஒரு காசும் நஷ்டமில்லையாம்! வீட்டுக்காரனின் வேலையாளை அடுத்த வீட்டுக்காரன் அழைத்துச் சென்று தன் தோட்டத்தில் ஆறு மாதம் வேலை வாங்கிவிட்டு, எப்படியும் நீ கொடுக்கும் சம்பளந்தானே என்று சொன்னால், அதை எந்தப் பஞ்சாயத்தார் ஒப்புவர்? அந்தத் துருப்புகள் இந்தியாவின் காவலுக்கு அவசியமானால், அவர்களை வெளியே அனுப்பியது தவறு. அவசியமில்லையானால், அவர்களை இந்திய ரயத்தின் செலவில் வைத்திருந்ததே தவறு. இவ்விரண்டில் ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் தப்ப வழியில்லை.

சட்டமும் இல்லாமற்போகவில்லை. 1858ம் வருஷ இந்திய அரசாங்கச் சட்டத்தின் 55ம் பிரிவு, படையெடுப்பைத் தடுத்தல் அல்லது வேறு திடீர் அவசரம் தவிர்த்து, இந்திய எல்லைக்கு அப்பால் நடக்கும் யுத்தத்திற்கு இந்திய வருமானத்தைப் பார்லிமெண்டின் இரு சபைகளின் சம்மதமின்றிச் செலவிடக்கூடாது என்று விதித்தது. பாதுகாப்பாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சம்மதம் கொடுக்க வேண்டியவர் யார்? பணத்தைப் பெறுகிறவர்கள்! பணத்தைக் கொடுக்கிற இந்தியனுக்கு அச்சபைகளில் அன்று ஓர் ஆசனமுமில்லை. தாதாபாய் நவ்ரோஜி காமன்ஸ் சபையில் நுழைந்தது 1892ல் தான். திருடனும் அவனே, காவற்காரனும் அவனே என்றால், பூட்டின் உறுதியைப் பற்றிப் பேசுவதில் பயன் என்ன?

அந்தப் பணம் எத்தகைய தேசத்தின் பணம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1866ல் ஒரிஸாவில் கொடிய பஞ்சம். ஏறக்குறைய 10 லட்சம் ஜனங்கள் பசியால் மாண்டனர். மதராஸ் ராஜதானியின் வடகோடியான கஞ்சம் ஜில்லாவும் அத்துயரில் சிக்கியது. அரிசியை உரிய காலத்தில் தருவிக்க ஸர்க்கார் தவறியது. மழைக்காலம் வந்து கடல் கொந்தளித்த பிறகு, கப்பல்கள் கரை சேர முடியவில்லை என்றார்கள். அடுத்த வருஷமே, சில டஜன் ஐரோப்பியரை மீட்பதற்கு நூற்றுக்கணக்கான கப்பல்கள் கிடைத்தன. யானைக்கும் இடமிருந்தது, ரயில் தண்டவாளத்திற்கும் இடமிருந்தது. இந்தியா மந்திரியாக இருந்த ஸர் ஸ்டாபோர்ட் நார்த்கோட், ஒரிஸாவில் துரைத்தனம் தோற்றதை 1867ல் பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். அதே வருஷத்தில், அவருடைய பொறுப்பிலேயே, அபிசீனியத் துருப்புகளின் சம்பளமும் இந்தியாவின் தலையில் வைக்கப்பட்டது.

எதிர்த்து எழுந்த குரல்

இந்த அநீதிக்கு எதிராக நம்மவர் வாய் திறக்காமல் இருந்தனர் என்று எண்ண வேண்டாம். அதே 1867ல், லண்டன் கிழக்கிந்தியச் சங்கத்தின் முன்னிலையில், அபிசீனிய யுத்தச் செலவைப் பற்றித் தாதாபாய் நவ்ரோஜி ஒரு கட்டுரை படித்தார். காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்குப் பதினெட்டு வருஷங்களுக்கு முன்பே, ஓர் இந்தியர் லண்டன் நகரத்தில் நின்று, எங்கள் பணத்தை உங்கள் யுத்தத்திற்கு எடுக்க உங்களுக்கு என்ன உரிமை என்ற பிரச்னையை எழுப்பினார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு வடிந்து செல்கிறது என்று பிற்காலத்தில் அவர் நிலைநாட்டிய பெருங்கொள்கைக்கு இத்தகைய கணக்குகளே வித்து. ஆங்கிலேயருள்ளும் நியாயவான்கள் இருந்தனர். கண்ணிழந்த பேராசிரியர் ஹென்ரி பாஸெட், துருக்கி ஸுல்தானுக்கு லண்டனில் நடத்திய நடன விருந்தின் செலவையும் இந்தியா தலையில் சுமத்தியதைக் கண்டித்து, இந்தியாவின் அங்கத்தினர் என்றே பெயர் பெற்றார்.

அபிசீனியாவோடு வழக்கம் நிற்கவில்லை, அதுவே முன்மாதிரியாயிற்று. 1878ல் சுமார் 7,000 இந்தியத் துருப்புகள் மால்டா தீவுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1882ல் எகிப்தில் அராபி பாஷாவின் தேசியக் கிளர்ச்சியை அடக்கவும் இந்தியப் படை சென்றது. மதராஸ் சாப்பர்களும் சென்றனர். அச்செலவின் ஒரு பெரும்பங்கும் நம்மீதே விழுந்தது. 1896ல் ஸுவாகிம் துறைமுகத்திற்குப் படை அனுப்பியபோதும் அதே கதை. 1885ல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸில் ராணுவச் செலவு ஒரு முக்கிய விஷயமாயிருந்தது வியப்பன்று. அந்தச் சபையின் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் சுதேசமித்திரன் ஸ்தாபகராகிய ஸ்ரீமான் ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்தியச் செலவினங்களை ஆராய 1895ல் வெல்பி பிரபுவின் தலைமையில் ராயல் கமிஷன் அமைந்தபோது, நவ்ரோஜி அதில் அங்கத்தினராக அமர்ந்தார். 1897ல் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் சுப்பிரமணிய ஐயரும் லண்டன் சென்று அதன்முன் சாட்சியம் அளித்தார். மக்தலா மலையில் தமிழ்ச் சிப்பாய் உழைத்த முப்பதாவது வருஷத்தில், தமிழ்ப் பத்திரிகாசிரியர் ஒருவர் இந்தியாவின் செலவுக் கணக்கைக் கேட்க லண்டனில் நின்றார். முன்னவருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. பின்னவருக்கு அது தானும் கிடைக்கவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை.

கொள்ளையின் கணக்கு

நிற்க. நமக்கு நேர்ந்த அநீதியை மட்டும் பேசி நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையே பேசியவராவோம். மக்தலா விழுந்த பின், அங்கிருந்த ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த பொற்கிரீடம், பூஜைப் பாத்திரங்கள், சிலுவைகள், தோல் ஏடுகள் எல்லாம் சூறையாடப்பட்டன. ஏப்ரல் 17ம் தேதி கோட்டைக்குத் தீ வைத்தார்கள். கொள்ளைப் பொருள்களைச் சுமக்க 15 யானைகளும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன. தலந்தா சமவெளியில் இரண்டு நாள் ஏலம் நடந்தது. பிரிட்டிஷ் மியூஸியத்தின் பிரதிநிதி ரிச்சர்ட் ஹோம்ஸ் என்பவர், படையோடு கூடவே வந்திருந்து ஏலம் எடுத்தார். நூற்றுக்கணக்கான ஏடுகள் அம்மியூஸியத்தை அடைந்தன. ஏலத்தில் வந்த தொகையைத் துருப்புகளுக்குப் பங்கிட்டபோது தலைக்கு ஏறக்குறைய நான்கு டாலர் கிடைத்தது.

அந்தப் பொருள்களைச் சுமந்த யானைகள் இந்திய யானைகள். அவற்றை நடத்திய பாகர் இந்தியர். இதை நாம் மறக்கலாகாது. அவர்கள் கட்டளைக்கு உட்பட்ட ஏழைகள், மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பது மெய்யே. ஆயினும் எத்தியோப்பியக் குடியானவனின் கண்ணுக்கு, கோட்டையை எரித்த படையில் பத்துக்கு ஏழு பேர் நம் முகம் உடையவராகத்தான் தோன்றியிருப்பார்கள். அடிமைத்தனத்தின் மிகக் கொடிய பலன் இதுவே. அது ஒருவன் செல்வத்தைப் பறிப்பதோடு நில்லாமல், அவன் கையைக் கொண்டே பிறன் செல்வத்தையும் பறிக்கச் செய்கிறது.

தெவோத்ரோஸின் மகன் அலெமாயெஹு அப்போது ஏழு வயதுச் சிறுவன். அவனையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். தாய் வழியிலேயே இறந்தாள். அன்னிய மண்ணில் அனாதையாக வளர்ந்த அச்சிறுவன், தன் நாடு திரும்பாமலே 1879 நவம்பரில் லீட்ஸ் நகரில் தன் பதினெட்டாவது வயதில் மாண்டான். வின்ட்ஸர் மாளிகைத் தேவாலயத்தில் அவன் அடக்கமானான். அவனுடைய எலும்புகளையாவது கொடுங்கள் என்று எத்தியோப்பியர் கேட்டனர். 2023ல் பக்கிங்ஹாம் மாளிகை மறுத்துவிட்டது. மற்றவர் சமாதிகளுக்குப் பங்கம் நேரும் என்பது காரணம். 2019ல் லண்டன் ராணுவக் காட்சிச்சாலை ஒன்று, தெவோத்ரோஸின் தலையிலிருந்து வெட்டி எடுத்த முடியைத் திருப்பிக் கொடுத்தது. நூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகு ஒரு முடிக்கற்றை! கிரீடத்தை வைத்திருக்கும் காட்சிச்சாலையோ, நீண்டகாலக் கடனாக வேண்டுமானால் தருகிறோம் என்று 2018ல் கூறிற்று. பறிகொடுத்தவனுக்கே அவன் பொருளைக் கடனாகக் கொடுப்பதாம்!

இந்த வார்த்தைகள் நமக்குப் புதியன அல்ல. அமராவதி ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கற் சிற்பங்கள் இன்றும் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன. கோஹினூர் லண்டன் கோட்டையில் இருக்கிறது. நம் பொருளை நாம் கேட்கும்போது, எத்தியோப்பியன் தன் பொருளைக் கேட்பதையும் நம் வழக்காகவே எண்ணிப் பேச வேண்டும். அவன் விஷயத்தில் நம் முன்னோரின் கைகள் பயன்படுத்தப்பட்டன என்பதால் அக்கடமை நமக்கு இரட்டிப்பாகிறது.

நாம் செய்ய வேண்டுவது

ஆகவே, தாத்தாவுக்குத் தாத்தா வாங்கி வந்த பதக்கம் ஒன்று எவர் வீட்டிலாவது இருக்குமானால், அதை எறியவும் வேண்டாம், ஏலத்தில் விற்கவும் வேண்டாம். ஏழு ரூபாய்ச் சம்பளத்திற்குக் கடல் கடந்து சென்று, தாகத்தையும் மலையையும் வென்ற மனிதனின் பெயர் அதில் இருக்கிறது. அவன் உழைப்பு இழிவானதன்று. அவன் வெட்டிய பாதை நல்ல பாதைதான். அப்பாதையில் சென்ற நோக்கமே கெட்டது. வீரனையும் யுத்தத்தையும் பிரித்தறிவதே நமது கடமை. வீரனைப் புகழ்கிற சாக்கில் யுத்தத்தைப் புகழ்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள். யுத்தத்தை வெறுக்கிற வேகத்தில் வீரனை இகழ்கிறவர்கள் நன்றி மறக்கிறார்கள்.

காட்சிச்சாலைகளில் இத்தகைய பதக்கங்களை வைப்போர், அவற்றின் கீழே வெறும் பெயரும் வருஷமும் எழுதுவதோடு நிறுத்தலாகாது. அவ்யுத்தத்திற்கு இந்தியா கொடுத்த பணம் இன்னது, சென்ற பரிவாரத்தார் இத்தனை பேர், மாண்ட அபிசீனியர் இத்தனை பேர், கொண்டுபோன பொருள்கள் இன்னின்னவை என்றும் எழுத வேண்டும். அப்பொழுதுதான் ரசீதும் கணக்கும் ஒன்றாகச் சேரும். பள்ளிப் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.

இன்னும் ஒன்று. தன் பணத்தையும் தன் பிள்ளைகளையும் எந்த யுத்தத்திற்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு ஜனசமூகத்திற்கு இல்லையானால், மற்ற எந்த உரிமையும் அதற்கு நிலைக்காது. 1867ல் அவ்வுரிமை நமக்கு இல்லை. அதைப் பெறுவதற்கு எண்பது வருஷங்கள் பிடித்தன. பெற்றுவிட்டோம் என்பதால் அது தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணலாகாது. ராணுவச் செலவைச் சட்டசபையில் கேள்வி கேட்பது தேசத்துரோகமன்று. நவ்ரோஜியும் சுப்பிரமணிய ஐயரும் நடந்த வழி அதுதான். எந்தக் கட்சி ஆட்சியில் இருப்பினும், எந்தக் கொடி பறந்தாலும், சிப்பாயின் பெயரால் கணக்கை மறைப்பவர்களை நம்பாமல், சிப்பாயின் பொருட்டே கணக்கைக் கேட்கிறவர்களாக நம் பிரஜைகள் இருக்க வேண்டும்.